ஆபீஸ் டயத்தில் ஒரு தீவு!

உல்லாசக் கப்பல் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது சினிமா டூயட்தான். ஹீரோ வெள்ளை கோட்டில் மேல்தளத்தில் நிற்பார். ஹீரோயின் துப்பட்டா காற்றில் பறக்கும். பின்னால் முப்பது பேர் ஒரே மாதிரி சட்டையில் குதிப்பார்கள். நிஜக் கப்பலில் ஏறியதும் நடப்பது வேறு. கையில் ஒரு பிளாஸ்டிக் கார்டைக் கொடுத்துவிடுகிறார்கள். அறைக் கதவைத் திறக்க அந்தக் கார்டு, பாரில் கணக்கு எழுத அந்தக் கார்டு, துறைமுகத்தில் இறங்கும்போது மெஷினில் காட்டி 'டிங்' சத்தம் வாங்கவும் அதே கார்டு. சாயங்காலம் திரும்பி வந்ததும் மறுபடி ஒரு 'டிங்'!

வருஷம் பூரா காலையில் 'இன்', மாலையில் 'அவுட்' என்று கார்டு தேய்க்கிற ஆபீஸ் ஜீவன்களுக்கு இது பழகின சங்கதி. வித்தியாசம் ஒன்றுதான். ஆபீஸில் லேட்டானால் அரை நாள் லீவு போகும். இங்கே கப்பலே போய்விடும்!

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று நாள், நான்கு நாள் உல்லாசக் கப்பல்கள் பல, மலாக்கா நீரிணை வழியாக வடக்கே ஏறி, மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு பகல் நிற்கின்றன. நாங்கள் போன கப்பலில் கொடுத்த நேரம்: காலை ஒன்பது மணிக்கு இறங்கலாம், மாலை ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும். அப்பட்டமான ஆபீஸ் டயம்!

'நாங்கள்' என்றால் நானும் நண்பரும். நண்பர் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட். சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷ கான்ட்ராக்ட் கிடைத்திருந்தது. கையெழுத்துப் போட வந்தவர், "போட்டுட்டா அப்புறம் லீவு கேட்க முடியாதுப்பா. அதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். ஆஃபர் லெட்டர் அவருடைய தோள் பையில் பத்திரமாக இருந்தது.

இறங்குவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மலையா, ஊரா?

பினாங்கு மலை 833 மீட்டர் உயரம். 1923-லிருந்து அங்கே கயிற்றில் இழுக்கும் ரயில் ஓடுகிறது. (பெட்டிகளும் பாதையும் புதுசு. 2011-ல் மாற்றியமைத்தார்கள்.) மேலே குளுகுளு காற்று, ஒரு முருகன் கோயில், பக்கத்திலேயே பள்ளிவாசல், கீழே மொத்தத் தீவும் விரித்துப் போட்ட மேப் மாதிரி தெரியும். ஆசைதான். ஆனால் நண்பர் கால்குலேட்டர் இல்லாமலே கணக்குப் போட்டார்:

"போயிட்டு வர மூணு மணி நேரம். கியூ இருந்தா நாலு. எட்டுல நாலு போச்சுன்னா பாதி பட்ஜெட் காலி!"

பட்ஜெட் பாஸாகவில்லை. ஊர் என்று முடிவாயிற்று. அதற்கு வசதியும் இருக்கிறது. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர் நகரத்தின் வாசற்படியிலேயே இருக்கிறது. பல ஊர்களில் கப்பல் எங்கோ நிற்கும், அங்கிருந்து டாக்ஸிக்காரர் காலில் விழ வேண்டும். இங்கே ஏணியில் இறங்கி, இமிக்ரேஷன் தாண்டி, ரோட்டைக் கடந்தால் ஜார்ஜ் டவுன்! கப்பல்காரர்களே நடத்தும் டூரும் உண்டு. காசு அதிகம். ஆனால் அந்த பஸ் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாங்கள் வாட்சை நம்பி இறங்கினோம்.

லேட்டாக வந்த கடிகாரம்

வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்படுவது ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆனதைக் கொண்டாட, 1897-ல் சியா சென் யோக் என்ற சீனச் செல்வந்தர் நன்கொடையாகக் கட்டிக் கொடுக்க முன்வந்தது. வருஷத்துக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரம். கட்டி முடிந்தது 1902-ல். மகாராணி காலமானது 1901-ல்!

"பரிசு வந்து சேர்றதுக்குள்ள ஆளே ரிலீவ் ஆயிட்டாங்க" என்றார் நண்பர். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியில் கூண்டு லேசாகச் சாய்ந்தும் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஹெட்கிளார்க் நாற்காலியில் சாய்வதைப் போல, கொஞ்சமாக... கௌரவமாக!

எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஆகஸ்ட்டில் ஃப்ரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இந்த முனையில்தான் கொடியேற்றி, தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் எழுதினார். 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயரும் வைத்தார். தீவு கெடா சுல்தானுடையது. பதிலுக்கு சுல்தான் கேட்டது எதிரிகளிடமிருந்து பாதுகாப்பு. கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது, பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. 1791-ல் சுல்தான் திருப்பிப் பிடிக்கப் பார்த்து, தோற்று, கடைசியில் வருஷத்துக்கு ஆறாயிரம் ஸ்பானிஷ் டாலருக்குச் சம்மதித்தார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இல்லாத வாக்குறுதியை நம்பியவர்களின் சரித்திரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

லைட்டைப் பற்றி இங்கே ஒரு கதை சொல்வார்கள். அப்போது இந்த இடம் முழுக்கக் காடு. வெட்ட ஆட்கள் சோம்பினார்கள். லைட் என்ன செய்தார்? பீரங்கியில் வெள்ளிக் காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசைப் பொறுக்குவதற்காக ஆட்கள் மளமளவென்று மரத்தை வெட்டினார்களாம். நிஜமோ கட்டுக்கதையோ, இன்சென்டிவ் ஸ்கீம் கண்டுபிடித்தவர் யார் என்று இனி யாராவது கேட்டால் பதில் ரெடி!

கோட்டையில் லைட்டுக்குச் சிலை உண்டு. அவருடைய படம் எதுவும் கிடைக்காததால், மகன் வில்லியமின் முகத்தை வைத்துச் செய்தார்கள் என்கிறார்கள். அந்த மகன் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தை நிறுவியவர். அப்பா 1794-ல் மலேரியாவில் இங்கேயே இறந்துபோனார். கல்லறையும் இந்த ஊரில்தான். தீவைப் பிடித்தவரைத் தீவு விடவில்லை.

கோட்டைக்கு ஒரு தனிச் சிறப்பு: கட்டிய நாளிலிருந்து ஒரு சண்டையும் பார்த்ததில்லை. இங்கிருக்கும் பீரங்கிகளில் மூத்தது 'ஸ்ரீ ரம்பாய்'. 1603-ல் வார்த்த டச்சுப் பீரங்கி. அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொண்டால் குழந்தை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆளைக் கொல்லச் செய்த சாமான், ஆள் பிறக்க உதவுகிறது. நல்ல டிரான்ஸ்ஃபர்!

கப்பலைத் தவறவிட்ட கேப்டன்

கோட்டையை ஒட்டிக் கடற்கரை நடைபாதை. எதிரே நீரிணை, அதற்கு அப்பால் மலாய் தீபகற்பத்தின் கரை. இங்கே நின்று ஒரு நிமிஷம் தண்ணீரைப் பாருங்கள். நம் ஊர்ப் பேச்சில் இன்றும் உலவுகிற ஒரு வார்த்தைக்கு இந்தத் தண்ணீரில் சாட்சி இருக்கிறது.

"அவன் சரியான எம்டன்பா!" என்கிறோம் இல்லையா? அந்த எம்டன் ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு, எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்தது. பாதிச் சென்னை மூட்டை கட்டி ஊரை விட்டு ஓடியது. அதே எம்டன் சுமார் ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28 விடியற்காலையில், பினாங்கில் நுழைந்தது. தன்னிடம் இருந்த மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல் மாதிரி மாறுவேஷம்!

துறைமுகத்தில் 'ஜெம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நின்றிருந்தது. அதன் கேப்டன் அன்றிரவு கப்பலில் இல்லை. கரையில் ஹோட்டலில் தங்கியிருந்தார். எம்டனின் டார்பிடோக்கள் பாய்ந்தன. சில நிமிஷங்களில் கப்பல் முழுகிவிட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் பலி. கேப்டன் உயிரோடு மிஞ்சினார். பின்னால் விசாரணை நடந்து, சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இன்று இந்தக் கரையில் காற்று வாங்குகிறவர்கள் ஐஸ் கச்சாங் சாப்பிடுகிறார்கள், குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள். நண்பர் மட்டும் திரும்பி, நம் கப்பல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

போர்டைப் படித்தால் தமிழ்

அங்கிருந்து ஊருக்குள் நடந்தோம். யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நகரம். ஓட்டு வீடு, மரஜன்னல், கீழே கடை, மேலே குடித்தனம், முன்னால் மழைக்கு ஒதுங்க வராந்தா. வெயில் நம்ம ஊர் வெயில்தான், புழுக்கம் மட்டும் ஒரு பங்கு கூட. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

கடை போர்டுகள் மலாய் மொழியில். ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்தால் ஒரு சின்ன வேடிக்கை. 'கெடாய்' என்றால் கடை. 'கப்பால்' என்றால் கப்பல். 'காத்தில்' என்றால் கட்டில். 'மோடால்' என்றால் முதல், அதாவது போட்ட முதல். கடையும் கப்பலும் கட்டிலும் முதலும்! யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்பதற்கு நாலு வார்த்தையில் ரிப்போர்ட்.

ஒரே வீதியின் ஓரமாக, நடக்கிற தூரத்தில், நாலு மதமும் வரிசையாக நிற்பது இந்த ஊரின் பெருமை. 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஊதுவத்திப் புகை மண்டும் சீனக் கருணைத் தேவியின் கோயில். பின் தெருவான குயின் தெருவில் 1833-ல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். கொஞ்சம் தள்ளி, குவிமாடங்களோடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-ல் காதர் மொஹிதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் நிறுவியது. 'கெலிங்' என்பது தென்னிந்தியர்களுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பழைய பெயர். கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். இன்று ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் வசவு. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் மரியாதையாகத் தங்கிவிட்டது. அடுத்த வீதி சூலியா தெரு. சூலியா என்றாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்தான். அங்கே நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்காவும் இருக்கிறது.

மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கடை. உள்ளே மணிச் சத்தம். மார்க்கெட் தெருப் பக்கம் ஸ்பீக்கரில் இளையராஜா. ஒரு நிமிஷம் மயிலாப்பூரா என்று சந்தேகம் வரும். ஆனால் இந்தத் தெருக்களில் நம்மவர்கள் முதலில் நடந்த விதம் அத்தனை உல்லாசம் இல்லை.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது. அந்தப் பையனையும் எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளையும் 1802-ல் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். எங்கே? 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு'க்கு. இதே பினாங்குக்கு! ஒரு காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியக் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, 1818-ல் இந்த ஊருக்கு வந்தார். அவர் அறைக்குள் தளர்ந்துபோன கிழவர் ஒருவர் வந்து கைகூப்பி நின்றார். யார் என்று கேட்டால் 'துரைசாமி' என்று பதில். வயது முப்பது சொச்சம்! வெல்ஷே இதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த ஊரின் ஆரம்பகால ரோடுகளை இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளின் உழைப்பில்தான் போட்டார்கள். நாம் ஷூ போட்டுக்கொண்டு 'அடடா, எவ்வளவு அகலமான தெரு' என்கிறோம்.

அத்தாவின் ரெண்டு வருஷம்

மணி ஒன்று. பசி. பினாங்கில் பசித்தால் நாசி கண்டார். 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' என்றால் தோளில் காவடி மாதிரி சுமப்பது. ஒரு பக்கம் சோற்றுப் பானை, இன்னொரு பக்கம் குழம்புப் பானை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் இப்படிச் சுமந்து விற்றதுதான் இன்று மலேசியா முழுக்கப் பிரசித்தம். அந்தக் கடைக்காரர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'மாமாக்'. நம்ம 'மாமா'தான்!

கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு குழம்பு. கோழி, ஆடு, மீன், இறால், மீன் முட்டை, வெண்டைக்காய். ஒன்றைத் தனியாகக் கேட்டால் பரிமாறுகிறவர் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கிறார். நாலு குழம்பையும் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவதுதான் முறை. அதற்கு 'பஞ்சிர்' என்று பெயர். பஞ்சிர் என்றால் வெள்ளம். நிஜமாகவே தட்டில் வெள்ளம்! எந்தக் குழம்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஆடிட்டர் வைக்க வேண்டும். ஆனால் ருசி... நண்பர் பத்து நிமிஷம் பேசவேயில்லை. கூடவே 'தே தாரிக்', இழுத்த டீ. நம்ம மாஸ்டர் ஆற்றுகிற அதே ஒரு முழ டீ, கொஞ்சம் தித்திப்பு தூக்கலாக.

கூட்ட நேரம் என்பதால் எங்கள் மேஜையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி, சாரம், எழுபது வயதுக்கு மேல். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி ரெண்டு பேரும் ஊர்லேருந்தா?"

"ஆமா பாய், சென்னை. நீங்க?"

"நான் பொறந்ததே இங்கதான் லா. அத்தாவுக்கு ராமநாதபுரம் பக்கம். ரஜூலாவுல வந்தாக."

ரஜூலா! நம் தாத்தாக்கள் காலத்தில் அது ஒரு மந்திரப் பெயர். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட 'டெக்' பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் பினாங்கு வந்தாலும் உடனே ஊருக்குள் விட்டுவிட மாட்டார்கள். பக்கத்தில் ஜெரஜாக் என்று ஒரு குட்டித் தீவு. நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க அங்கே இறக்கி நாள் கணக்கில் நிறுத்திவைப்பார்கள். ரப்பர்த் தோட்டம், ரயில் பாதை, துறைமுகம் என்று பிரிந்து போனவர்களில் பெரும்பாலோர் இப்படி வந்தவர்கள்தான்.

"அத்தா என்ன வேலைக்கு வந்தாங்க?"

"கடையில நிக்கத்தான். ரெண்டு வருஷம் இருந்து சம்பாதிச்சு, தங்கச்சிய கட்டிக் குடுத்துட்டுத் திரும்பிடலாம்னு வந்தாக. தங்கச்சி கல்யாணம் ஆச்சு. அப்புறம் ஊர்ல ஒரு வீடு கட்டிட்டுப் போயிடலாம்னு நெனைச்சாக. வீடும் கட்டியாச்சு. அப்புறம் எங்க படிப்பு. வருஷா வருஷம் 'அடுத்த நோம்புக்கு ஊர்ல'ம்பாக. அந்தத் தகரப் பெட்டிய கட்டிலுக்கு அடியிலேயே வெச்சிருந்தாக, கெளம்புறதுக்குத் தோதா. மவுத்தானது இங்கதான்."

"அந்த வீடு?"

"ஊர்ல இருக்கு. நான் ரெண்டு தடவ போய்ப் பார்த்திருக்கேன். நல்ல வீடு." கொஞ்சம் டீ குடித்தார். "தம்பிங்க கப்பல் எத்தன மணிக்கு?"

"அஞ்சு மணிக்குள்ள ஏறணும் பாய்."

"கரெக்டா போயிடுங்க. இந்த ஊர்ல கொஞ்சம் லேட்டானவங்கதான் நாங்க அத்தன பேரும்!"

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். நண்பர் சிரிக்கவில்லை. தோள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

தண்ணீர் மேல் ஒரு தெரு

மீதி மூன்று மணி நேரம். ஆர்மீனியன் தெருவில் 2012-ல் லித்துவேனியா ஓவியர் எர்னஸ்ட் ஸகாரவிச் வரைந்த சுவர்ப்படம் ஒன்று இருக்கிறது. அக்காவும் தம்பியும் சைக்கிளில் போகிற காட்சி. பிள்ளைகள் பெயின்ட், சைக்கிள் நிஜம். சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க ரேஷன் கடை மாதிரி கியூ. நாங்கள் கியூவில் நிற்காமல், கியூவையே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தோம்.

கடலோரம் வெல்ட் கீ ரோட்டுக்கு வந்தால் 'குலத் துறைகள்' என்கிற சீனக் குடியிருப்புகள். கடலுக்குள் மரக்கால் நட்டு, மேலே பலகை போட்டு, பலகை மேல் வீடு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு குலப் பெயர். இருப்பதில் பெரியது சியூ குலத்தாருடையது. சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து வந்து, படகோட்டியும் மூட்டை சுமந்தும் பிழைத்தவர்கள், தரையில் இடம் வாங்க வசதியில்லாமல் தண்ணீர் மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். தற்காலிகமாகத்தான்! நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 'கோய்' குலத்தாரின் துறையை 2006-ல் இடித்துவிட்டார்கள்.

பலகைப் பாதையில் நடந்தால் காலுக்குக் கீழே அலை தெரிகிறது. முன்வாசல்களில் பாதி நினைவுப் பொருள் கடைகள். மீதியில் ஆயா டி.வி. பார்க்கிறார், பேரன் ஹோம்வொர்க் எழுதுகிறான். வீட்டுக்குள் எட்டிப் பார்த்து போட்டோ எடுக்காதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நியாயம்தானே? நம் வீட்டு ஹாலில் தினமும் ஒரு கப்பல் ஜனம் எட்டிப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்?

துறையின் கடைசிப் பலகையில் நின்றால் எங்கள் கப்பல் தெரிந்தது. பதினைந்து மாடி, வெள்ளை வெளேர் என்று, ஊரில் உள்ள பழைய கட்டடங்களையெல்லாம் குட்டையாக்கிக்கொண்டு நின்றது. அதில் நீச்சல் குளம் உண்டு, தியேட்டர் உண்டு, நடுராத்திரி நூடுல்ஸ் உண்டு. ரஜூலாவில் வந்தவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது. கடல் மட்டும் அதே கடல்.

1790-களிலேயே லைட் எழுதி வைத்திருக்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்து வருஷத்துக்கு இரண்டாயிரம் பேர் வரை கப்பலில் வருகிறார்கள், கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று. கணக்கு சரிதான். திரும்பாதவர்கள்தான் இந்த வரியில் இல்லை. மாரியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் நாசி கண்டாரும் அந்தக் கணக்கில் வராதவர்கள் விட்டுப்போனது. எட்டு மணி நேரம் இறங்கி நாம் பார்ப்பது முழுக்க, திரும்பக் கப்பலேறாதவர்கள் கட்டிய ஊரைத்தான்.

போகிறவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் கப்பலேறி சிங்கப்பூருக்கே திரும்புவதால், அந்த நாட்டு விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா விசா விலக்கு அறிவித்தது. கிளம்பும் தேதியில் விதி என்ன என்பதைக் கப்பல் கம்பெனியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கப்பல் வேண்டாம், பினாங்கு மட்டும் போதும் என்பவர்களுக்காக சென்னையிலிருந்து நேரடி விமானச் சேவையை 2024 டிசம்பரில் தொடங்கினார்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போவதால் அரை டிராயர் வேண்டாம். வாட்சைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நேரத்தில் விட்டால் இரண்டரை மணி நேரம் பின்தங்கி, பெரியவர் சொன்ன லிஸ்ட்டில் சேர்ந்துவிடுவீர்கள்!

நாலரைக்கெல்லாம் நாங்கள் 'டிங்' அடித்துக் கப்பலுக்குள் வந்துவிட்டோம். ஐந்து மணிக்கு ஏணியை எடுத்தார்கள். கடைசி நிமிஷத்தில் ஒரு தம்பதி, கையில் நாலு பையோடு, துறைமேடையில் ஓடி வந்து ஏறினார்கள். மேல்தளத்திலிருந்த ஜனம் மொத்தமும் கைதட்டியது. பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது. மணிக்கூண்டும் கோட்டையும் மெள்ளப் பின்னால் நகர்ந்தன.

நண்பர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, பையிலிருந்து ஆஃபர் லெட்டரை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ரெண்டே வருஷம்னுதான் போட்டிருக்கான்" என்றார்.

"ஆமா, ரெண்டு வருஷம்தானே" என்றேன்.

கொஞ்ச நேரம் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். லெட்டரின் ஓரத்தில் குட்டியாக எழுதினார்:

'ரிட்டர்ன் டிக்கெட் உண்டா? கேட்கவும்.'